அந்தப் பத்து நாள் ட்ரெய்னிங்

நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தவன். அந்த ஏழாவதும் பாஸா பெயிலா என்று எனக்குத் தெரியாது. ரிசல்ட் வருவதற்குள் அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. கோலார் தங்கவயலில் இருபது வருஷம் சுரங்கத்துக்குள் பாறைத் தூளை மூச்சு வாங்கின நெஞ்சு. பெங்களூருக்கு ரயில் ஏறும்போது எனக்குப் பதிமூன்று வயசு. இன்றைக்கு பீன்யாவில் எந்தப் பழைய ஒர்க்‌ஷாப்பில் நுழைந்து என்னைப் பற்றிக் கேட்டாலும், "அவரா? கட்டை விரலால தடவியே மைக்ரான் கணக்குல அளவு சொல்ற ஆளாச்சே" என்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். என்னைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப் போகிறான்?

எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் லேத் மேஸ்திரி டூல் கட்டும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். விரல் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியக் கூடாது. நான் தரையில் கிடக்கும் இரும்புச் சுருளைக் கூட்டிக்கொண்டே அவருடைய முழங்கை எந்தப் பக்கம் அசைகிறது, எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பேன். அதிலிருந்து முன்னால் விரல் என்ன செய்திருக்கும் என்று யோசித்து யோசித்து, சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது செய்து பார்ப்பேன். ஒரு மனுஷனுடைய முதுகைப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டவன் நான். பிறகு நான் மேஸ்திரி ஆனபோது நானும் முதுகைத் திருப்பினேன். எந்த உலோகத்துக்கு எந்த வேகம், எந்தக் கோணம் என்று எழுதி வைத்த என் நோட்டுக்கு டூல் பாக்ஸுக்குள் தனிப் பூட்டு. இதில் எனக்கு அப்போது ஒரு கூச்சமும் இல்லை. தொழில் என்றாலே அப்படித்தான் என்று இருந்தேன்.

ஐம்பத்தெட்டாவது வயதில் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். முன்னால் இருந்தவர் டிப்ளமோ படித்தவர். வேறு கம்பெனி கூப்பிட்டதும் ஒரே வாரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஓனர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே ஃப்ளோரை நீங்களே பார்த்துக்கோங்க" என்றார். அவர் கன்னடக்காரர், எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். கண்ணாடி வைத்த சின்ன ரூம், சுற்றுகிற நாற்காலி, தலைக்கு மேலே எனக்கென்று ஒரு ஃபேன். எனக்குக் கீழே பதினோரு பேர்.

முதல் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாராவது 'சார்' என்று கூப்பிடுவார்கள் என்று மனசுக்குள் ஒரு ஆசை. காலை டீ வரைக்கும் காத்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை. நேற்றுவரை அண்ணா, இன்றைக்கும் அண்ணா. லேத்தில் இருக்கும் என் கூட்டாளி, முப்பது வருஷமாக எனக்குப் பக்கத்து மிஷின், அவன் மட்டும் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். அவனும் கன்னடக்காரன், வாய் மட்டும் எங்கள் வாய்; கூட்டாளியைக் கூப்பிடுகிற 'குரு' மட்டும் கன்னடம்.

"ஏன் குரு, வெள்ளைச் சட்டை? பொண்ணு பார்க்கப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் மிஷின் ஓட்டுகிற எல்லாரும் போடுகிற அந்தப் பழைய நீலக் கோட்டையே போட்டுக்கொண்டேன்.

வாரத்தில் இரண்டு நாள் ஒரு எச்.ஆர். மேடம் வருவாள். சின்னப் பெண். அவள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். மேலே இங்கிலீஷ், கீழே கன்னடம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள்.

"சார், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கோல், அதான் ஒரு லட்சியம், இருக்கும். உனக்கு என்ன ஆகணும்னு உட்கார வெச்சுக் கேளுங்க. அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. லீடர் ஆயிட்டீங்க இல்ல, இனிமே உங்க முக்கியமான வேலையே அதுதான்."

அவள் என்னை சார் என்றாள்தான். ஆனால் அவள் வாட்ச்மேனையும் சார் என்றுதான் கூப்பிடுவாள். அதை நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

தாளைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. "எனக்கு எங்கே மேடம்?" என்றேன். "உங்க டீமோட கோல்தான் சார் உங்க கோல்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நாற்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் வேலை செய்திருக்கிறேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் என்னை உட்கார வைத்து உனக்கு என்ன ஆகணும் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம். பதினோரு பேரிடம் போய் நான் கேட்க வேண்டும், என்னிடம் கேட்க ஆள் கிடையாது. அன்றைக்கு வாயில் வந்த அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தமிழ் எழுத வரும். கன்னடம் பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு. இங்கிலீஷ் என் கையெழுத்துக்குக்கூடக் கிடையாது, அதுவும் தமிழ்தான். ஆகையால் தாளை நிரப்ப ஆள் வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். மூன்று பாஷையும் எழுதுவாள், எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறு வயசு. அவளும் தங்கவயல்காரி, கல்யாணமாகி தாசரஹள்ளிக்கு வந்தவள். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து சர்டிபிகேட் வாங்கினவள். லேத் ஓட்டத்தான் வேலைக்கு வந்தாள். வந்த அன்றைக்கே 'லேடீஸுக்கு டேபிள்தான்' என்று கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அப்படியே பதினோரு வருஷம். நாங்கள் செய்து அனுப்புகிற ஒவ்வொரு ஜாபையும் அவள் அளப்பாள். சரியாக இருந்தால் பச்சை மை, தவறினால் சிவப்பு. என் ஜாபுக்கு அவள் சிவப்பு போட்டது அத்தனை வருஷத்தில் இரண்டே தரம். இரண்டு தரமும் நான் ஃப்ளோர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். இரண்டு தரமும் அவள்தான் சரி. இதை இப்போதுதான் முதல் தடவையாக ஒத்துக்கொள்கிறேன்.

அவள் பேனாவோடு உட்கார, நான் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டேன். என் லேத் கூட்டாளி முதலில் வந்தான்.

"உனக்கு என்னடா ஆகணும்?"

"சனிக்கிழமை அரை நாள் லீவு ஆகணும் குரு."

"டேய், அது கோல் இல்லடா."

"எனக்கு அதுதான் கோல். எழுதும்மா, எழுது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

சும்மா சொல்லக் கூடாது, நான் அந்த வேலையை நன்றாகத்தான் செய்தேன். மில்லிங்கில் இருந்தவனுக்குப் பகல் ஷிஃப்ட் வேண்டும். அவன் பெண்டாட்டி கார்மெண்ட்ஸுக்குப் போகிறவள், இருவரும் முகம் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான். ஓனரிடம் நின்று வாங்கிக் கொடுத்தேன். கிரைண்டிங்கில் இருந்தவனுக்குத் தூசி. எனக்குத் தூசி என்றால் என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் சுவரை உடைத்துப் பெரிய ஃபேன் வைத்தேன். முன்னால் இருந்த டிப்ளமோக்காரர் இரண்டு வருஷமாகச் செய்யாததை நான் ஒரு மாசத்தில் செய்தேன். பத்து பேருக்குச் செய்தேன். இன்றைக்கு யாராவது அந்தப் பத்தைப் பேசுகிறார்களா? ஒன்றைத்தான் பேசுகிறார்கள்.

கடைசித் தாள் அவளுடையது. சொல்ல வேண்டியவளும் அவள்தான், எழுத வேண்டியவளும் அவள்தான்.

"உனக்கு இன்னாம்மா?"

பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். "சொன்னா சிரிக்கக் கூடாதுண்ணா."

"சிரிக்கல, சொல்லு."

"புது மிஷின் வருதில்ல. அதை நான் ஓட்டணும்ணா. பதினோரு வருஷமா மத்தவங்க செஞ்சதை அளந்துக்கினே கீறேன். நான் செஞ்சதை ஒருத்தர் அளக்கணும்."

புது மிஷின் என்று அவள் சொன்னது வி.எம்.சி. பெரிய இரும்பு அலமாரி மாதிரி இருக்கும், பக்கத்தில் கம்ப்யூட்டர் திரை. கையால் சக்கரம் சுற்றுவது கிடையாது. எண்ணைத் தட்டினால் அதுவே வெட்டும், துளை போடும். இரண்டு மாசத்தில் வருவதாக இருந்தது. மிஷின் விற்கிற கம்பெனி ஒரே ஒரு ஆளுக்குப் பத்து நாள் ட்ரெய்னிங் இலவசமாகக் கொடுக்கும். அந்த சீட்டில் உட்கார்ந்து வருகிற ஆள்தான் அதை ஓட்டுவார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

நான் சிரிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நம்ம ஊர்ப் பெண், சுரங்கக்காரன் மகள். "அந்த ட்ரெய்னிங் சீட் உனக்குத்தான். நான் சொன்னேன்னு எழுதிக்கோ" என்றேன். என் பெயருக்கு மேலே இருந்த கட்டத்தில் அவளே அதை எழுதினாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அவள் அந்த மை காயும்வரைக்கும் தாளை எடுக்கவில்லை.

அடுத்த நாளே அவள் தயாராகிவிட்டாள். ட்ரெய்னிங் நடக்கிற இடம் பொம்மசந்திரா பக்கம், ஊரின் அந்தக் கோடி. பத்து நாளும் ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூட்டி வர எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி வைத்தாள். அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கி டேபிளில் வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் போனில் அந்த மிஷின் வீடியோவாகவே பார்ப்பாளாம். சாப்பிடும்போது வந்து, "அண்ணா, டூலு இருபது கீதாம், தானே மாத்திக்குதாம்" என்பாள். நான் "ம்" என்பேன். எனக்கு அது தெரியாது. அவள் சொல்லித்தான் தெரிகிறது. அந்த 'ம்' ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கனத்துக்கொண்டே வந்தது.

ஒரு நாள் டீக்கடையில் என் லேத் கூட்டாளி சும்மா இருக்காமல் வாயை விட்டான்.

"குரு, இனிமே உனக்கு ஜாலி. அந்தம்மா மிஷின் ஓட்டும். நீ பக்கத்துல நின்னுக்கினு துணி புடிச்சுக்கோ, துடைக்கக் குடுக்கலாம்."

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். முப்பது வருஷமாக அப்படித்தான் பேசுவான். எனக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கீழே இருக்கிற ஆளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் இருந்தால் நான் என்ன இன்சார்ஜ்? நாளைக்கு ஏதாவது கெட்டுப்போனால் அவளிடம் போய் நின்று கேட்க வேண்டும். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டால்? நான் திருப்பியிருக்கிறேனே. எத்தனை பேருக்குத் திருப்பியிருக்கிறேன்!

ட்ரெய்னிங் லெட்டர் வந்த அன்று ஓனர் கேட்டார். "யாரை அனுப்பலாம்? உங்க லிஸ்ட்ல அந்தம்மா பேரு இருக்கு போல."

"நானே போறேன் சார்" என்றேன்.

ஓனர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா? எல்லாம் கம்ப்யூட்டர் ஆச்சே."

"நாற்பத்தஞ்சு வருஷம் இரும்பைப் பார்த்தவன் சார். கம்ப்யூட்டர் என்ன, அதுவும் இரும்பைத்தானே வெட்டப் போகுது?"

"சரி. நீங்க இன்சார்ஜ், நீங்க சொன்னா சரி."

கம்பெனிக்கு அனுப்ப ஒரு ஃபாரம் இருந்தது. இங்கிலீஷ் ஃபாரம். வேறு யார் எழுதுவார்கள்? அவளையே கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்தே விட்டாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"என் பேரை எழுது" என்றேன்.

பேனா அப்படியே நின்றது. ஒரு புள்ளி மை மட்டும் தாளில் இறங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்தப் புள்ளியிலிருந்தே என் பெயரை எழுதத் தொடங்கினாள்.

"சரிண்ணா" என்றாள். பிறகு, "வயசு எவ்ளோன்னு போடட்டும்?"

அந்தப் பத்து நாளைப் பற்றி நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஏசி ஹால். என்னோடு பதினைந்து பேர், எல்லாம் இருபது இருபத்திரண்டு வயசு. பாடம் நடத்துகிற பையன் பாதி இங்கிலீஷ், பாதி கன்னடம். "அங்கிள், நீங்க முன்னாடி உட்காருங்க" என்றான். மரியாதைக்குத்தான் சொன்னான். திரையில் எழுத்தும் எண்ணுமாக ஓடிக்கொண்டே இருந்தது. முதல் நாள் எல்லாவற்றையும் பார்த்துப் படமாக வரைந்தேன். எந்த பட்டன் எங்கே, எந்த விளக்கு என்ன கலர். மூன்றாவது நாளுக்கு மேல் நோட்டைத் திறக்கவில்லை. இங்கே பார்க்க முழங்கை எதுவும் இல்லை.

ஒரே ஒரு நாள் என் நாள். வெட்டி எடுத்த ஒரு பீஸைக் கையில் கொடுத்து, மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்று மிஷினில் வைத்து அளக்கச் சொன்னார்கள். நான் நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சொன்னேன். மிஷினும் அதையே காட்டியது. பையன்கள் கை தட்டினார்கள், ஒருத்தன் போனில் வீடியோ எடுத்தான். அதற்கு மறுநாள் பரீட்சையில் நான் வெறும் தாளைக் கொடுத்தேன். ஆனாலும் கடைசியில் எல்லாருக்கும் சர்டிபிகேட். எனக்கும். சட்டம் போட்டுக் கண்ணாடி ரூமில் மாட்டினேன். அது இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது, எடுக்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை.

திரும்பி வந்த அன்று அவள்தான் முதலில் வந்தாள்.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

"எல்லாம் ஆயிடுச்சும்மா."

"புக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா? ஒரே நாள் குடுங்கண்ணா. ஜெராக்ஸ் எடுத்துக்கினு காலையில குடுத்துடறேன்."

தடியாக ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். என் மேஜையிலேயே இருந்தது, அவள் கண்ணுக்கு நேரே. எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினேன். "வெளியே குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றேன். அப்படி யாரும் சொல்லவில்லை. எனக்கு உதவாத புத்தகம் அது. அதில் ஒரு பக்கம்கூட எனக்குப் படிக்க வராது. இருந்தும் பூட்டினேன்.

மிஷின் வந்தது. கம்பெனி ஆள் வந்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டிவிட்டு, ஒரு ஜாபுக்கு எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டுப் போனான். பச்சை பட்டனை அழுத்தினால் போதும். அழுத்தினேன். ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பத்துப் பதினைந்து நாள் ராஜா மாதிரி இருந்தேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒரு நாள் துளை போடுகிற டூல் முனை மழுங்கிவிட்டது. புதிதாக ஒன்று மாட்டினேன். புதுசு பழையதைவிட நீளம். இந்த மிஷினில் டூல் மாற்றினால் அது எவ்வளவு நீளம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய நீளத்தையே நம்பிக்கொண்டு இறங்கும். அதுதான் பத்து நாளும் அந்தப் பையன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது என்று இப்போது தெரிகிறது.

அவள் முதல் பீஸை வாங்கிப் போக வந்து நின்றாள். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

"அண்ணா, டூல் மாத்தினீங்களே, நீளம் போட்டீங்களா?"

எனக்கு என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை. புரியவில்லை என்பதுதான் கோபமாக வந்தது. "நீ உன் டேபிளைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் பச்சை பட்டனை அழுத்தினேன்.

அந்தச் சத்தத்தை நான் நாற்பத்தைந்து வருஷத்தில் கேட்டதில்லை. டூல் நேராகப் போய் பீஸைக் குத்தி, அதைப் பிடித்திருந்த வைஸையும் குத்தி உடைந்தது. மிஷின் தானே நின்று சிவப்பு விளக்கு எரிந்தது. டூலைச் சுழற்றுகிற தலை அடிபட்டுவிட்டது. ஃப்ளோரில் இருந்த எல்லா மிஷினும் ஒவ்வொன்றாக நின்றது. ஓனர் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு? எப்படி ஆச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் எனக்குப் பக்கத்திலேயே நின்றாள். வாய் திறந்து நான் சொன்னது இது:

"பக்கத்துல நின்னு பேசிக்கினே இருந்தாங்க சார். கவனம் தப்பிடுச்சு."

ஓனர் அவள் பக்கம் திரும்பினார். "மிஷின் ஓடறப்போ ஏம்மா பேசறீங்க? இத்தனை வருஷம் இங்க இருக்கீங்க, தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். அது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். ஒரு ஜாபை அளந்து முடித்துவிட்டு, எந்தப் பேனாவை எடுப்பது என்று ஒரு நிமிஷம் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

சாயங்காலம் சர்வீஸ் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. வழக்கம்போல அவளைக் கூப்பிட்டேன். தேதி எழுதினாள், மிஷின் நம்பர் எழுதினாள். 'காரணம்' என்ற இடம் வந்ததும் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

"இதை மட்டும் நீங்களே எழுதிக்கோங்கண்ணா."

எழுதினேன். 'பக்கத்தில் பேச்சுக் கொடுத்ததால் கவனம் தவறியது' என்று. தமிழில், என் கோணல் எழுத்தில். சர்வீஸ் கம்பெனியில் தமிழ் படிக்க ஒருத்தனும் இல்லையாம், போன் பண்ணி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். ஓனர் அவரே ஏதோ சொல்லி முடித்தார். இத்தனை நாளும் நிரப்பின ஃபாரம் எல்லாம் அவள் கை. அந்த ஒரு பொய் மட்டும் என் கை.

அடுத்த வாரம் மிஷினை ரிப்பேர் பார்த்து ஓட விட்டதும், ஓனர் அதைச் சுற்றித் தரையில் மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். ஓட்டுகிறவர் தவிர யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. பேருக்கு எல்லாருக்கும்தான் அந்தக் கோடு. யாருக்காகப் போட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கோட்டுக்கு வெளியே வந்து நிற்பாள், நான் பீஸைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு போவாள். 'டூலு இருபது கீதாம்' மாதிரிப் பேச்செல்லாம் நின்றுவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷாப்பில் அவரவர் மிஷினுக்கு அவரவர்தான் பூஜை செய்வது. துடைத்து, விபூதி குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டு, எலுமிச்சம்பழம் வைப்போம். அவள் மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பொட்டு வைத்து டேபிள் மேல் ஒரு முழம் பூ வைத்தாள். புது மிஷின் மட்டும் மொட்டையாக நின்றது. "இதுக்கு யாரு?" என்று ஓனர் கேட்டார். என் லேத் கூட்டாளிதான் சொன்னான், இந்தத் தரம் சிரிக்காமல்.

"இன்சார்ஜ்தான் சார். அவருகிட்டதானே சர்டிபிகேட் இருக்குது."

மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் நானே பூ போட்டேன். கற்பூரம் காட்டினேன். பூசணிக்காய் உடைத்து, எல்லாரும் பொரியும் கடலையும் கலந்த கடலேபுரி பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவள் ஒரு கவரை என் மேஜையில் வைத்தாள். வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதின தாள். காரணம் எழுதவில்லை.

"போய்ட்டு வரேண்ணா" என்றாள்.

இரு என்று சொல்லியிருக்கலாம். ஓனரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த டிராயரைத் திறந்து புத்தகத்தையாவது கொடுத்திருக்கலாம். அது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "சரிம்மா" என்றேன்.

வருஷம் முடிந்ததும் எச்.ஆர். மேடம் பழைய தாள்களைக் கொண்டுவந்தாள். ஆனது எது, ஆகாதது எது என்று டிக் போட வேண்டுமாம். பத்துத் தாளுக்குப் போட்டேன். சனிக்கிழமை அரை நாளுக்குக்கூடப் போட்டேன். பதினொன்றாவது தாளைப் பார்த்து, "இவங்கதான் போயிட்டாங்களே, கிழிச்சுப் போடுங்க சார்" என்றாள். நான் கிழிக்கவில்லை. டூல் பாக்ஸில், என் நோட்டோடு வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவள் எழுத்தில் என் வாக்கு, கீழே என் கையெழுத்து.

மிஷினை ஓட்ட ஒரு டிப்ளமோ பையனை எடுத்தார்கள். என்னை அங்கிள் என்கிறான். அன்றைக்கு அடிபட்ட தலை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் தன் வேலையைக் காட்டிவிடும். போன மாசமும் அப்படித்தான், மிஷின் ரிப்பேரில் நிற்க, நாற்பது பீஸ் அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கிராஸ் தெரு தள்ளி ஒரு ஷாப்பில் ஓனர் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தார். "போய் வாங்கிக்கினு வந்துடுங்க" என்று என்னிடம் சொன்னார். அங்கே யார் இருப்பது என்று எனக்குத் தெரியும். அவள் அங்கே இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் சேர்ந்தாள், மூன்றாம் மாசமே இதே மாதிரி மிஷின் ஓட்ட ட்ரெய்னிங்குக்கு அனுப்பினார்கள் என்று என் கூட்டாளி எப்போதோ சொல்லிவிட்டான். நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது லேத்திலிருந்தே குரல் கொடுத்தான்.

"வெள்ளைச் சட்டை போட்டுக்கினு போ குரு!"

அவள் நீலக் கோட்டில் மிஷினிலிருந்து வந்தாள். கையில் எண்ணெய். துணியில் துடைத்துக்கொண்டே, "வாங்க சார், உக்காருங்க" என்றாள்.

எத்தனை நாள் காத்திருந்தேன் அந்த ஒரு வார்த்தைக்கு. ஒரு அண்ணா சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

நாற்பது பீஸும் டிரேயில் வரிசையாக இருந்தது. வெளிச்சத்தில் மின்னியது. பார்த்தவுடனே தெரிந்தது, கை வைக்க வேண்டியதே இல்லை. ஸ்லிப்பை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனேன். அவள் மைக்ரோமீட்டரை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"ஒருதரம் அளந்து பார்த்துக்கோங்க சார்."

"வேணாம்மா. நீ செஞ்சதுன்னா சரியாத்தான் இருக்கும்."

"இல்ல, அளங்க. அப்புறம் யாரு தப்புன்னு பேச்சு வரக் கூடாது."

குரல் ஏறவில்லை. சொல்லிவிட்டு மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டாள். அங்கே அடுத்த ஜாப் ஓடிக்கொண்டிருந்தது.

நான் டேபிளில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். கட்டை விரலால் சொல்லவில்லை, நகத்தால் கோடு இழுக்கவில்லை. மைக்ரோமீட்டரை வைத்து, கண்ணைச் சுருக்கி, நாற்பதையும் அளந்தேன். அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஸ்லிப்பில் அளந்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருந்தது. டேபிளில் இரண்டு பேனா கிடந்தது. பச்சையை எடுத்து என் பெயரைப் போட்டேன்.